தலைமாட்டு விளக்கு

விருத்தாசலத்தில் ஒரு வீட்டின் வாசலைக் காட்டினால் அது யார் வீடு என்று எனக்குச் சட்டென்று பிடிபடாது. உள்ளே கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்க விட்டால் சொல்லிவிடுவேன். எந்தக் கூரையில் ஃபேன் கொக்கி கோணலாக இருக்கிறது, எந்த ஹாலில் ஒயர் போகும் பைப்புக்குள் ஓதம் இறங்குகிறது, எல்லாம் மனப்பாடம். ஒயர்மேனாக வாழ்ந்ததில் எனக்கு மிஞ்சியது கழுத்து வலியும் இந்த ஞாபகமும்தான். ஏணியில் ஏறினால் தலை சுற்ற ஆரம்பித்தபோது வேலையை நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். “அண்ணே, பழைய அனுபவம் எதுனா எழுதுங்க. ரெண்டு மூணு பக்கம் காலியா இருக்குது” என்றார். காலியாக இருக்கும் பக்கத்தை நிரப்ப, வீட்டில் காலியாக உட்கார்ந்திருக்கும் ஆள்தான் தோது என்று கண்டுபிடித்திருக்கிறார். கெட்டிக்காரர். டீ போட்டுத் தருகிறேன் என்றேன், அவசரம் என்று கிளம்பிவிட்டார்.

இப்போது ஊரெல்லாம் ஃபால்ஸ் சீலிங் காய்ச்சல். ஹாலுக்கு மேலே அட்டையால் இன்னொரு கூரை கட்டி, அதில் கண் கண்ணாக ஓட்டை போட்டு விளக்கு பதிக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட்டு உடனே அணைத்துவிடுகிறார். வெளிச்சம் என்றால் மேலே இருந்துதான் வரவேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் எனக்குக் கோபமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆயுசில் ஒரே ஒரு ஹாலில்தான் தலைக்கு மேலே ஒரு விளக்குகூட இல்லாமல் வேலை செய்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். பக்கம் கூடினால் செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேலை கற்றுக்கொண்ட கதை சின்னது. ஐ.டி.ஐ. முடித்ததும் தேவசகாயம் என்ற காண்டிராக்டரிடம் சேர்ந்தேன். முதலில் ஏணி சுமந்தேன், பிறகு சுவரைக் கொத்தினேன், அப்புறம்தான் ஒயரைத் தொடவிட்டார். ஷாக் அடித்ததையெல்லாம் எழுதினால் சங்கத்துக்குத்தான் கெட்ட பெயர்.

தேவசகாயம் சாரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். வேலை நடக்கும்போது வாயே திறக்கமாட்டார். வேலை முடிந்த அன்று சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்கு வருவார். ஒரு நாற்காலியை ஹாலில் போட்டுக்கொண்டு எல்லா விளக்கையும் போடச் சொல்லி, வீட்டுக்காரர்கள் தரும் டீயைக் குடிப்பார். அண்ணாந்து விளக்கைப் பார்க்கவே மாட்டார். எதிரே இருக்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பார். பாதி டீயில் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார். வீட்டு அம்மா காய் நறுக்க உட்காருகிற மூலை எது என்று கேட்டு, அங்கே தரையில் போய் உட்காருவார். குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தால் வேலை சரி. வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தால் எங்கோ தப்பு இருக்கிறது. நான் ஏணியில் நின்றபடி, “நல்லாத்தானே சார் தெரியுது” என்பேன். “ஏணில நிக்கிறவனுக்கு வெளிச்சம் தெரியாதுடா ராசு. எறங்கி வா” என்பார். அவ்வளவுதான் திட்டு. ஆனால் அந்த ‘எறங்கி வா’வைக் கேட்டால் செய்த வேலையை மறுபடி பிரிக்கவேண்டும் என்று அர்த்தம்.

வேப்பூரில் லாரி வைத்திருந்த ஒருவர் நெடுஞ்சாலை ஓரம் பெரிய வீடு கட்டினார். ஹால் நடுவில் பளிங்குத் தொங்கல் வைத்த பெரிய விளக்கு. சாலையில் போகிற பஸ்காரன் எல்லாம் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. அதை மாட்டுவதற்குள் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. தேவசகாயம் சார் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து டீ குடித்தார். “எப்பிடிங்க இருக்குது?” என்று லாரிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். சார் கிளாஸை உருட்டிக்கொண்டே, “ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா இங்க யாரும் உக்கார மாட்டாங்க” என்றார். லாரிக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு ஒருமுறை வேறு வேலையாக அங்கே போனேன். ஹாலில் ஈ காக்கை இல்லை. குடும்பமே சமையலறைக்குப் பக்கத்து நடையில், ஒரு சின்ன பல்புக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வயதில் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

சார் காலமான பிறகு தனியாக வேலை செய்தேன். சாயங்காலம் டீ குடித்துப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. மற்றபடி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வேலைதான். ஹால் சுவரின் உச்சியில் டியூப், நடுவில் ஃபேன், இறந்துபோன பெரியவர்கள் போட்டோவுக்கு மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. இருட்டினதும் டியூப்பைப் போட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். டியூப் எரியாத ஹால் என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இது எழுதாத சட்டம்.

கோமதி என்னைத் தேடி வந்தது நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால். பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறவர். அச்சிலிருந்து எடுத்த ஈர ஜாடியின் ஓரத்தைச் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிற வேலை. கை விரலிடுக்கில் எப்போதும் வெள்ளை மண் காய்ந்திருக்கும். அவர் புருஷன் ராமலிங்கமும் அதே கம்பெனியில் சூளை பார்த்தவர்தான். சூளைச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே எரிகிற நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லக்கூடியவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பேச்சு இல்லை, கழுத்தைத் திருப்பவும் முடியாது, கண் மட்டும் அசையும். ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.

வாசலில் நின்றபடியே கோமதி கேட்டார்: “அண்ணே, எங்க வூட்டு ஹால்ல கரண்டு இருக்கணும். ஆனா கரண்டு போன மாதிரி இருக்கணும். செஞ்சி தருவீங்களா?”

நான் என் மனைவி சரோஜாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். என்னம்மா சொல்கிறீர்கள் என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம்.

விஷயம் இதுதான். கோமதி காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகலில் பக்கத்து வீட்டு டெய்லர் அடிக்கடி வந்து ராமலிங்கத்தைப் பார்த்துக்கொள்வார். “பகல்லாம் நல்லா முழிச்சிப் பாக்குறாரும்மா, ஜன்னல்ல அணில் போனாகூட கண்ணு கூடவே போவுது” என்பாராம். ஆனால் கோமதி வீட்டுக்கு வந்து கை கால் கழுவிப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். கஞ்சி ஊட்டும்போதும் மூடிய கண்தான். மாதக்கணக்காக இதே கதை.

“டெய்லரப் பாக்குறாரு, அணிலப் பாக்குறாரு, என்னைப் பாக்க மட்டும் புடிக்கலன்னு நெனைச்சேண்ணே” என்றார் கோமதி. “முன்ன ஒரு தடவ பெரிய சண்ட போட்டுக்கிட்டோம். அத மனசுல வச்சிருக்காரோன்னு நெனைச்சேன். கேட்டா பதில் சொல்ற ஆளா இருந்தா கேக்கலாம்.”

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போயிருக்கிறது. கோமதி மெழுகுவத்தியை ஏற்றித் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினால், ராமலிங்கம் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி அப்படியே நின்றுவிட்டார். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். திடீரென்று கரண்ட் வந்தது. டியூப் எரிந்தது. கண் மூடிக்கொண்டது.

“கரண்டு வந்ததுக்கு அன்னிக்கித்தான் அழுதேன்” என்றார்.

அதன் பிறகு மெழுகுவத்தி வைத்துப் பார்த்திருக்கிறார். கட்டிலில் தொங்குகிற துணிக்குப் பக்கத்தில் நெருப்பை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகப் பயம். சின்ன நைட் பல்பைப் போட்டால் மாத்திரையில் எது எது என்று தெரியவில்லை, கஞ்சி வாயில் போகிறதா கழுத்தில் வழிகிறதா என்று தெரியவில்லை. அதனால்தான் இந்த விசித்திரமான ஆர்டர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். டெய்லர் ராமலிங்கத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் நாற்காலியில் உட்காரவைத்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஹாலில் டியூப் எரிந்தது, ஃபேன் ஓடியது. எனக்கு எதுவும் குறையாகத் தெரியவில்லை. அப்போது தேவசகாயம் சாரின் ‘எறங்கி வா’ ஞாபகத்துக்கு வந்தது. இங்கே எங்கே இறங்குவது? கட்டிலில்தான். “ஏம்மா, தப்பா நெனைச்சிக்காதீங்க, இதுல நான் கொஞ்சம் படுத்துப் பாக்கட்டுமா?” என்று கேட்டேன். கோமதி ரப்பர் ஷீட்டின் மேல் வேறு துண்டை விரித்துக் கொடுத்தார்.

படுத்தேன். டெட்டாலும் பவுடரும் கலந்த வாசம். கழுத்தைத் திருப்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிர்ச் சுவர் உச்சியில் டியூப், அதற்கும் என் கண்ணுக்கும் நடுவில் ஃபேன். ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டி வெட்டி என் கண்ணில் போட்டது. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. பத்து மூச்சு விடுவதற்குள் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியும் விடவில்லை, இமைக்குள்ளே துடித்தது. வாய் பேச முடிகிற எனக்கே கத்தவேண்டும் போல் இருந்தது. நிற்கிறவர்களுக்காகவும் நடக்கிறவர்களுக்காகவும் மாட்டிய விளக்கு அது. படுத்திருப்பவனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எழுந்து, “அவரு உங்க மேல கோவமா இல்லம்மா. கண்ணு கூசுது. அவ்வளவுதான்” என்றேன். கோமதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். டீ வர நேரமாயிற்று.

மேலே விளக்கே வேண்டாம், மூன்று லாம்ப் வைப்போம் என்று முடிவாயிற்று. லாம்ப்புக்கு அடிப்பாகமாக மூன்று ஜாடிகளைக் கம்பெனியில் அனுமதி வாங்கி, தானே செய்து எடுத்து வருவதாகக் கோமதி சொன்னார். சுட்ட பீங்கானில் துளை போட்டால் விரிசல் விடும். அதனால் ஈரத்திலேயே அடியில் ஒயருக்கு ஓட்டை வைக்கச் சொன்னேன். பென்சில் பருமன் போதும் என்றேன். “அது பத்தாதுண்ணே. சூளைக்குப் போனா மண்ணு சுருங்கும், கிளேஸ் பூச்சு வேற ஓரத்துல கட்டிக்கும்” என்று அவர் சுண்டு விரலை விட்டு ஓட்டை போட்டிருக்கிறார். சூளையிலிருந்து வந்தபோது ஒயர் அளவெடுத்த மாதிரி உள்ளே போயிற்று. விளக்கு மூடிக்கு நான் கம்பியில் கூண்டு கட்டினேன், அவர் ராமலிங்கத்தின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றித் தைத்தார். மஞ்சள் பல்பு தேடித்தான் அலைந்தேன். “மஞ்சள யாருங்க கேக்குறாங்க, வெள்ளைதான் ஓடுது” என்று கடைக்காரர்கள் என்னை ஏதோ மியூசியத்திலிருந்து வந்தவன் போலப் பார்த்தார்கள்.

அடுத்த சிக்கல் பிளக் பாயிண்ட். நம் வீடுகளில் பிளக் எல்லாம் தோள் உயரத்தில், சுவிட்ச் போர்டில் இருக்கும். அங்கிருந்து லாம்ப்புக்கு ஒயர் தொங்கினால் ராமலிங்கத்தைத் தூக்குகிறபோது காலில் சிக்கும். தரையோடு வைக்கவும் முடியாது, பண்டிகை வந்தால் ஹாலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற ஊர் இது. தரையிலிருந்து ஒரு முழம் மேலே பிளக் வைத்தேன். எர்த் சரிபார்த்தேன். கைகள் நிறைந்திருந்தாலும் முழங்கையால் தட்டிவிடும்படி இரண்டு லாம்ப்புகளுக்குச் சேர்த்துக் கதவோரம் ஒரு சுவிட்ச் வைத்தேன். டியூப்பைப் பட்டியோடு கழற்றி, ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றி மூடினேன்.

வேலை முடிந்த அன்றும் சாயங்காலம் டெய்லர் ராமலிங்கத்தைப் பின்கட்டில் குளிக்கவைத்துக்கொண்டிருந்தார். முதல் லாம்ப்பைக் கால்மாட்டில் தரையில், சுவரைப் பார்த்து வைத்தேன். ஹாலுக்கு அது போதும். இரண்டாவது மருந்து அலமாரிக்குப் பக்கத்தில், தேவைப்படும்போது மட்டும் போட தனி சுவிட்சோடு. மூன்றாவதுதான் முக்கியம். கோமதியை வழக்கமாக உட்காரும் முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, கட்டிலில் படுத்தேன். லாம்ப் அவருக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரியவில்லை, கறுப்பாக ஒரு உருவம்தான் தெரிந்தது. எழுந்து பக்கத்தில் மாற்றினேன். இப்போது பல்பு என் கடைக்கண்ணில் குத்தியது. மறுபக்கம் வைத்தேன், பாதி முகம்தான் தெரிந்தது. கடைசியில் கட்டிலின் தலைமாட்டில், என் தலைக்குப் பின்னால், ஒரு குட்டை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விளக்கு என் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் என் தலைக்கு மேலாகப் போய் கோமதியின் முகத்தில் விழுந்தது. நெற்றியில் காய்ந்த மண் துளி, கண்ணுக்குக் கீழே கறுப்பு, தூக்கம் கெட்ட களைப்பு, எல்லாம் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அவர் பார்வை தலையணையில் இருந்தது. ஒரு முகத்தை அவ்வளவு நேராக நான் பார்த்ததில்லை. சரோஜாவின் முகத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. வெட்கமாகவும் கஷ்டமாகவும் இருந்தது. எழுந்துகொண்டேன்.

அப்போதுதான் கோமதி மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, தலைமாட்டுல விளக்கு வைக்கிறோமே.”

எனக்கும் உறைத்தது. நம் பக்கத்தில் தலைமாட்டில் விளக்கு வைப்பது எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். உயிர் போனபிறகு வைக்கிற விளக்கு அது. “வேற எடம் பாக்கலாமா?” என்றேன். வேறு இடம் இல்லை என்று எனக்கே தெரியும்.

டெய்லர் ராமலிங்கத்தைத் தூக்கிவந்து படுக்கவைத்துவிட்டுப் போனார். கோமதி முக்காலியில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்று டீயைக் கையில் வைத்திருந்தேன், குடிக்கவில்லை. ராமலிங்கத்தின் மூடிய இமை கொஞ்சம் அசைந்தது. திறந்தது. முதலில் சுவர் உச்சியைப் பார்த்தார். டியூப் இருந்த இடத்தைத் தேடினார் என்று நினைக்கிறேன். பிறகு கண் கீழே இறங்கி, கோமதியிடம் வந்து நின்றது. சூளை ஓட்டையில் பதம் பார்த்த கண்ணாயிற்றே, அசையாமல் பார்த்தது. கோமதி அவர் நெற்றியில் கை வைத்தார், கன்னத்தில் வைத்தார். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது, துடைக்கவில்லை. நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாக்கியம் வந்தார். ராமலிங்கத்தின் அக்கா. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில், ஒரு பை முருங்கைக்காயோடு தம்பியைப் பார்க்க வந்தவர். தெருவிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். டியூப் எரியவில்லை. தம்பியின் தலைமாட்டில் ஒரு விளக்கு. பக்கத்தில் கோமதி அழுதுகொண்டு முகத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார். இதைப் பார்த்து நம் ஊரில் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

“ஐயோ தம்பீ! என்னைய வுட்டுட்டுப் போயிட்டியாடா!” என்று தெருவிலேயே முருங்கைக்காயைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். சத்தம் கேட்டுத் தெருவே திரண்டது. டெய்லர் கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்தார், இப்போதுதானே குளிக்கவைத்தேன் என்று புலம்பிக்கொண்டே. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். யாரோ போனில், “ஆமாங்க, இப்பத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கையை விரித்து, “இல்லீங்க, இல்லீங்க” என்று கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பாக்கியம் கட்டிலில் வந்து விழுந்தார். ராமலிங்கம் கண்ணைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். பாக்கியத்துக்கு ஒப்பாரி பாதியில் நின்றுபோயிற்று. ராமலிங்கத்தின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, தொண்டையிலிருந்து கர்கர் என்று ஒரு சத்தம் வந்தது. வலிக்கிறதோ என்று பயந்தோம். கோமதிதான் முதலில் கண்டுபிடித்தார். “அண்ணி, சிரிக்கிறாரு! அவரு சிரிக்கிறாரு!”

படுத்த நாளிலிருந்து அவரிடமிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். வாசலில் இருந்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. செருப்பைக் கழற்றியவர் திரும்ப மாட்டிக்கொண்டார். டெய்லர் தெருவில் சிதறிய முருங்கைக்காயைப் பொறுக்கிவந்து வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் பாக்கியம் பிடித்துக்கொண்டார். “என்னா கோமதி இது? உசுரோட இருக்கிறவன் தலைமாட்டுல விளக்க வச்சிருக்கிற? யாரு இந்தப் புத்தி சொன்னது?” அந்தக் கேள்வி என்னைப் பார்த்து வந்தது. நான் பிளையரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கோமதி எழுந்திருக்கவில்லை. புருஷனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “இது அவருக்கு வச்ச விளக்கு இல்ல அண்ணி. என் மூஞ்சிக்கு வச்ச விளக்கு. அவரு என்னைப் பாக்கணும். நீங்களும் இப்பிடி உக்காருங்க, உங்களையும் பாப்பாரு.”

பாக்கியம் முணுமுணுத்தார். ஆனால் உட்கார்ந்தார். தம்பி தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். அதற்குப் பிறகு விளக்கைப் பற்றி அவர் பேசியதாக எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகச் சிரித்தாள். பிறகு முகம் மாறி, “நம்ம வூட்ல அந்த மாதிரி எதுவும் வச்சிடாதீங்க சாமி. எனக்குப் பயமா இருக்கும்” என்றாள். வைக்கமாட்டேன் என்றேன்.

ராமலிங்கம் அடுத்த மாசி மகம் வரை இருந்தார். கோமதியை வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பேன், “பாக்குறாரா?” “பாக்குறாருண்ணே” என்பார். ஒரு நாள் சாயங்காலம் என்ன குழம்பு என்று சொன்னால் கண்ணைச் சிமிட்டுகிறார் என்றார், இன்னொரு நாள் புதுப் புடவையைக் கண்டுபிடித்துவிட்டார் என்றார். தேரோட்டம் முடிந்து கடைகள் எல்லாம் பிரித்துக்கொண்டிருந்த சமயத்தில் டெய்லரிடமிருந்து போன் வந்தது. இந்த முறை நிஜம்.

நான் போனபோது பாக்கியம் தலைமாட்டு லாம்ப்பைத் தன் முந்தானையால் துடைத்து அலமாரியில் ஏற்றி வைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. அந்த ஸ்டூலின் மேல் அகல் விளக்கு எரிந்தது. கோமதி என்னைப் பார்த்ததும் சுவர் உச்சியைக் காட்டினார்.

“அண்ணே, அந்த டியூப்ப மாட்டிடுங்க. இனிமே அவருக்குக் கண்ணு கூசாது.”

வருகிறவர்கள் எல்லோரும் நின்றும் நடந்தும் பார்க்கப் போகிறவர்கள். டெய்லர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி, டேப்பைப் பிரித்து, கழற்றிய பட்டியை அதே ஆணியில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. ராமலிங்கத்தின் முகத்தில் வெள்ளையாக விழுந்தது, ஃபேன் இறக்கை வெட்டி வெட்டிப் போட்டது. ஒன்றும் அசையவில்லை. நான் கடைசியாக ஏறி மாட்டிய விளக்கு அதுதான்.

கோமதி பிறகு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். போகும் முன் அந்தத் தலைமாட்டு லாம்ப்பை என்னிடம் கொடுத்தார். சரோஜாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பரண்மேல் வைத்தேன். சரோஜா காலமான பிறகு இறக்கினேன். இப்போது என் வீட்டு ஹாலில் பயப்படுவதற்கு யாரும் இல்லை. என் மகள் ஓசூரில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். மற்ற நாள் சாயங்காலம் ஹால் நீளமாக இருக்கிறது. தனிமை என்று எழுதினால் மலரில் போடுவார்களா தெரியவில்லை, ஆனால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

பொழுது சாய்ந்ததும் டியூப்பைப் போடுவதில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு தலைமாட்டில் கோமதியின் லாம்ப்பைப் போடுவேன். எதிரே சரோஜாவின் நாற்காலி. வெளிச்சம் என் தலைக்கு மேலாகப் போய், அவள் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சரியாக விழுகிறது. வேலை சுத்தம். தேவசகாயம் சார் பார்த்தால் கிளாஸைக் கீழே வைத்திருப்பார்.

தெருவில் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். டியூப் எரியாத ஹாலும் தலைமாட்டு விளக்கும் எல்லோருக்கும் தெரிகிறது. இதுவரை யாரும் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவரவில்லை. ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.